டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் புராஸ்டேட் புற்று எதை வைத்து வளர்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடம் முன்பு, எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சையில் விரைகளை எடுத்துவிட்டார்கள். பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் தயாரிக்கும், ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்) 180-இலிருந்து 0.6 வரை இறங்கியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இப்போது அடுத்தடுத்த மூன்று பரிசோதனைகளில் 1.9, 4.2, 9 என்று ஏறுகிறது. ஆனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 14-தான், அதாவது மிகக் குறைவாகத்தான், இருக்கிறது. 'காஸ்ட்ரேஷன் ரெசிஸ்டன்ட்' (ஆண் ஹார்மோனைக் குறைத்தும் அடங்காத நிலை) ஆகிவிட்டது என்று சொல்லி டாக்டர் அபிராட்டரோன் மாத்திரையும் கூடவே ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார். இங்கிலீஷும் கன்னடமும் கலந்து அவர் வேகவேகமாகச் சொன்னதில் உங்களுக்கு இரண்டு விஷயம் பிடிபடவில்லை. ஹார்மோனே இல்லாதபோது கட்டி எதை வைத்து வளர்கிறது? ஹார்மோன் சிகிச்சை பலிக்கவில்லை என்று ஆன பிறகு மறுபடியும் ஹார்மோன் மாத்திரையே எதற்கு? இதோடு, பாலையும் சர்க்கரையையும் நிறுத்தினால் கட்டியை வளரச் சொல்லும் 'சிக்னல்' நின்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. செல் உயிரியல் படித்துவிட்டு, இதே பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் புராஸ்டேட் புற்றுச் செல்களை வளர்த்து, அவற்றுக்குள் சமிக்ஞைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பதையே பல வருடம் வேலையாகச் செய்தவன். அதனால் செல்லுக்குள் நடப்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். அப்பாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் குழப்பம் நியாயமானது. ஹார்மோனும் அந்த ஹார்மோன் வந்து சேர்கிற இடமும் இரண்டு வேறு பொருள்கள் என்பதை யாரும் உங்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை. விரைகளை எடுத்தபோது குறைந்தது ஹார்மோன். செல்லுக்குள் அந்த ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் புரதம் அப்படியேதான் இருக்கிறது. அதன் பெயர் ஆண்ட்ரோஜன் ஏற்பி; ஆண்ட்ரோஜன் என்றால் ஆண் ஹார்மோன். 'காஸ்ட்ரேஷன் ரெசிஸ்டன்ட்' என்ற பெயரைக் கேட்டால் புற்று ஹார்மோன் பாதையையே விட்டு வெளியேறிவிட்டது என்று தோன்றும். பெரும்பாலான நோயாளிகளில் அப்படி இல்லை. பழைய ஏற்பியே, ரத்தத்தில் மிச்சமிருக்கும் துளி ஹார்மோனை வைத்தோ, ஹார்மோன் இல்லாமலேயோ, மறுபடி இயங்க ஆரம்பித்திருக்கிறது. இந்தத் துறையில் கடந்த இருபது வருடங்களில் உறுதிப்பட்ட மிக முக்கியமான உண்மை இதுதான். அபிராட்டரோன் எழுதப்பட்டதும் இதை நம்பித்தான்.

வழக்கமாக இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரிக்கு உத்தரவு போகிறது, பிட்யூட்டரி விரைகளுக்குச் சொல்கிறது, விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் செல்லின் சவ்வைத் தடையில்லாமல் கடந்து உள்ளே போய்விடும். புராஸ்டேட் செல்லுக்குள் ஒரு நொதி அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. இது ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரை சில துணைப் புரதங்களின் பிடியில் சும்மா இருந்த ஏற்பி, ஹார்மோன் ஒட்டியதும் வடிவம் மாறி, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, இன்னோர் ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏ-யில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்கிறது. அது உட்கார்ந்த இடத்தில் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆரோக்கியமான புராஸ்டேட்டில் இந்த மரபணுக்களின் வேலை முக்கியமாக விந்துத் திரவத்துக்கான பொருள்களைச் சுரப்பது. புற்றுச் செல்லில் அதே ஏற்பி டிஎன்ஏ-யில் வேறு பல இடங்களிலும் போய் உட்காருகிறது. செல் பெருகுவதற்கான கொழுப்பையும் புரதத்தையும் தயாரிக்கும் மரபணுக்கள், செல் பிரிவை முடுக்கும் மரபணுக்கள் எல்லாம் அதன் கீழ் வந்துவிடுகின்றன.

இந்த இடம் மாறுதலுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு, பல புராஸ்டேட் கட்டிகளில் 21-ஆம் குரோமோசோமின் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. ஆண்ட்ரோஜன் ஏற்பிக்குக் கட்டுப்பட்ட மரபணு ஒன்றின் தொடக்கப் பகுதி, செல் வளர்ச்சியோடு தொடர்புடைய ஈஆர்ஜி என்ற இன்னொரு மரபணுவுக்கு முன்னால் வந்து ஒட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆண் ஹார்மோன் வரும்போதெல்லாம் ஈஆர்ஜியும் சேர்ந்து உற்பத்தியாகும். மேற்கு நாடுகளின் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த ஒட்டு இருக்கிறது, ஆசிய நாடுகளில் குறைவு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஆண்ட்ரோஜன் ஏற்பி நேரடியாக விழிக்கச் செய்யும் மரபணுக்களில் ஒன்று பிஎஸ்ஏ-வைத் தயாரிக்கும் மரபணு. அப்படியானால் ரத்தத்தில் பிஎஸ்ஏ ஏறுவது கட்டி வளர்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் கட்டிக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்துகொண்டிருக்கிறது என்றும் சொல்கிறது. ஆய்வகத்தில் ஏற்பி இயங்குகிறதா என்று பார்க்க நாங்களும் பிஎஸ்ஏ-வைத்தான் அளப்போம். டெஸ்டோஸ்டிரோன் 14, பிஎஸ்ஏ 9 என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹார்மோன் தரைமட்டத்தில் இருக்கும்போதும் ஏற்பி விழித்திருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அப்பாவின் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்று சுருங்கும் என்பதை 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்குச் செய்த அறுவை சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். விரைகளை எடுக்காமல், ஹார்மோனைக் குறைக்க மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் கிடைப்பது இதே விளைவுதான், செலவுதான் வேறு. கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் பலன் தெரியும். ஆனால் பரவிய நோயில் பெரும்பாலும் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ அது திரும்பும் என்பதை ஹக்கின்ஸ் காலத்து மருத்துவர்களே பார்த்தார்கள். ஏன் திரும்புகிறது என்பதற்குத்தான் விடை கிடைக்க அறுபது வருடம் ஆனது.

ஆய்வகத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்தும் செல்களுக்கு எல்என்கேப் என்று பெயர். 1970-களில் ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை. தட்டில் சரியாக ஒட்டாத செல்கள் இவை. ஊட்டத் திரவத்தைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினாலும் கூட்டமாகக் கழன்று மிதக்கும். செல்களை வளர்க்க நாம் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) ஹார்மோன்கள் இருக்கும். அதைக் கரித்தூளோடு கலக்கி வடித்துவிட்டால் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் கரியில் ஒட்டிக்கொண்டு போய்விடும். அப்படி வடித்த சீரத்தில் எல்என்கேப் செல்களை விட்டால், நோயாளிக்கு விரை நீக்கியதற்குச் சமமான நிலை தட்டிலேயே வந்துவிடும். சில நாட்களில் அவை பெருகுவதை நிறுத்துகின்றன. உடல் சுருங்கி, இரண்டு பக்கமும் நீண்ட மெல்லிய இழைகளை விடுகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நரம்புச் செல்லோ என்று சந்தேகம் வரும். பல செத்துப்போகும், ஆனால் எல்லாம் சாகாது. பொறுமையாகப் பல மாதம் அதே சீரத்தில் வைத்திருந்தால், தட்டின் ஏதோ ஒரு மூலையில் சின்னத் திட்டாகச் செல்கள் மறுபடி பிரிய ஆரம்பிக்கும். அவற்றை உடைத்து, புரதங்களை எடை வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது ஆண்ட்ரோஜன் ஏற்பியின் பட்டை 110 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அளவில் தெரியும். பிழைத்து வந்த செல்களில் அந்தப் பட்டை மறைந்திருக்காது, பல சமயம் முன்பைவிடத் தடித்திருக்கும். சில வகைகளில் அதற்குக் கீழே, 75-80 பக்கத்தில், புதிதாக இன்னொரு பட்டையும் தெரியும். அந்த இரண்டாவது பட்டைக்குப் பிறகு வருகிறேன்.

பட்டை ஏன் தடிக்கிறது? 2004-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் சார்லஸ் சாயர்ஸின் குழு, ஹார்மோனுக்கு அடங்கும் கட்டியையும் அதிலிருந்தே அடங்காமல் போன கட்டியையும் ஜோடி ஜோடியாக ஏழு ஜோடிகள் எடுத்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டது. ஏழிலும் பொதுவாக மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆண்ட்ரோஜன் ஏற்பி கூடியிருந்தது. அதுவும் பெரிய அளவில் கூடவில்லை. எதிரே பேசுபவரின் குரல் தாழ்ந்துவிட்டால் நாம் காதில் கையைக் குவித்துக் கேட்பதைப் போல, ஹார்மோன் குறைந்ததும் செல் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு மிச்சமிருக்கும் துளியையும் கேட்டுவிடுகிறது. பல கட்டிகளில் இந்த மரபணுவே டிஎன்ஏ-யில் பல நகல்களாகப் பெருகியிருக்கும். இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஏற்பியை அடக்குவதற்காகக் கொடுக்கும் பைகலூட்டமைடு போன்ற பழைய மாத்திரைகள், ஏற்பி கூடிய செல்லில் அதை அடக்காமல் லேசாக இயக்கவே தொடங்கிவிடும் என்றும் அதே ஆய்வு காட்டியது. ஏற்பி கூடிய செல்லிலும் ஏமாறாத மருந்தைத் தேடிப் போனதில்தான் என்சலூட்டமைடு கிடைத்தது. 2012-இல் அது அங்கீகாரம் பெற்றது. செல்லுக்குள் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டதால் மட்டுமே ஒரு மருந்து வந்தது என்று நான் மாணவர்களுக்குச் சொல்லும் கதை இது.

ஏற்பியின் உருவமும் மாறலாம். ஹார்மோன் உட்காரும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் ஏற்பி ஆள் பார்க்காமல் பழக ஆரம்பிக்கும். எல்என்கேப் செல்களிலேயே அப்படி ஒரு மாற்றம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோனும், ஃப்ளூட்டமைடு என்ற தடுப்பு மருந்தும் அதை இயக்கும். அந்தத் தடுப்பு மருந்தை நிறுத்தியதும் சில நோயாளிகளுக்குப் பிஎஸ்ஏ குறைந்த விசித்திரம் 1993 வாக்கிலேயே பதிவானது. அதற்கான காரணங்களில் ஒன்று இந்த மாற்றம்.

இப்போது அந்தக் கீழ்ப்பட்டை. ஏற்பியின் ஒரு முனை ஹார்மோனைப் பிடிக்கும், நடுப்பகுதி டிஎன்ஏ-யைப் பிடிக்கும். மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும்போது சில புற்றுச் செல்கள் ஹார்மோனைப் பிடிக்கும் முனையே இல்லாத குட்டை ஏற்பியைத் தயாரிக்கின்றன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது ஏஆர்-வி7. ஹார்மோன் பிடிக்கும் இடமே இல்லாததால் அது ஹார்மோனுக்காகக் காத்திருக்காது, எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். அபிராட்டரோன் ஹார்மோன் உற்பத்தியை நிறுத்துகிறது, என்சலூட்டமைடு ஹார்மோன் உட்காரும் இடத்தை அடைக்கிறது, இரண்டாலும் இதை நேரடியாகத் தொட முடியாது. 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களில் ஏஆர்-வி7 இருந்தவர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளும் பெரும்பாலும் பலன் தரவில்லை என்று வெளியிட்டது. இது உண்மைதான், ஆனால் ஏஆர்-வி7தான் எதிர்ப்புக்குக் காரணமா, அல்லது நோய் முற்றியதன் அடையாளமா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. அதை மட்டும் தாக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹார்மோன் மாத்திரை மறுபடி எதற்கு? விரைகள் போன பிறகும் உடலில் ஆண் ஹார்மோன் தயாராகும் இடங்கள் மிச்சமிருக்கின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் டிஎச்இஏ போன்ற மூலப்பொருள்களைத் தொடர்ந்து அனுப்புகின்றன. புற்றுச் செல்கள் அவற்றை உள்ளே இழுத்து, தாங்களே டெஸ்டோஸ்டிரோனாகவும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாகவும் மாற்றிக்கொள்கின்றன. விரை நீக்கிய நோயாளிகளின் கட்டிகளை எடுத்து அளந்தபோது, ரத்தத்தில் ஹார்மோன் இல்லாவிட்டாலும் கட்டிக்குள் ஏற்பியை இயக்கப் போதுமான அளவு இருந்தது. ரத்த ரிப்போர்ட்டில் உள்ள 14 ரத்தத்தைப் பற்றியது, கட்டிக்குள் இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஹக்கின்ஸுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. 1945-இல் அவரும் வில்லியம் ஸ்காட்டும் சில நோயாளிகளின் இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்ததை வெளியிட்டார்கள். கார்டிசோன் மருந்தாகக் கிடைக்காத காலம் அது. அட்ரினல் இல்லாமல் மனிதன் உயிரோடிருப்பதே கஷ்டம் என்பதால் அந்த வழி அப்போது கைகூடவில்லை. அன்று கத்தியால் செய்யப் பார்த்ததன் முக்கியப் பகுதியை இன்று அபிராட்டரோன் மாத்திரையாகச் செய்கிறது. சிஒய்பி17 என்ற நொதியை அது முடக்குவதால் விரை, அட்ரினல், கட்டி என்று மூன்று இடத்திலும் ஆண் ஹார்மோன் தயாரிப்பு நிற்கிறது. அதே நொதி கார்டிசோல் தயாரிக்கவும் வேண்டும் என்பதால் கார்டிசோலும் குறையும். குறைந்ததும் பிட்யூட்டரி அட்ரினலை இன்னும் முடுக்கும், அதனால் உப்பைத் தேக்கும் ஹார்மோன்கள் கூடி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். அதைத் தடுக்கத்தான் சின்ன அளவில் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்று பயந்து அப்பா அதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்ததுதான் மருந்து. கல்லீரல் பரிசோதனை, பொட்டாசியம், ரத்த அழுத்தம் மூன்றையும் ஆரம்ப மாதங்களில் அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள். சாப்பாட்டோடு எடுத்தால் இந்த மருந்து பல மடங்கு அதிகமாக உடலில் ஏறும். அதனால்தான் வழக்கமான அளவை வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறார்கள். குறைந்த அளவை லேசான காலை உணவோடு கொடுத்தும் பிஎஸ்ஏ அதேபோல இறங்கியதாக 2018-இல் ஒரு சிறிய ஆய்வு வந்திருக்கிறது, நம் நாட்டில் செலவைக் கருதி சில டாக்டர்கள் அப்படிக் கொடுப்பதும் உண்டு. டாக்டர் சொல்லாமல் நீங்களாக அதை முயற்சி செய்ய வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இது நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து, குணப்படுத்தும் மருந்து இல்லை. அப்பாவின் நிலைக்கு நெருக்கமான, கீமோ எடுக்காத நோயாளிகளில் நடந்த பெரிய சோதனையில், பிரெட்னிசோன் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 30.3 மாதம், அபிராட்டரோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 34.7 மாதம். அந்தக் கணக்கில் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள். ஆயுள் மட்டுமில்லை, வலி கூடுவதும் கீமோ தேவைப்படுவதும் கணிசமாகத் தள்ளிப்போயின. வீட்டில் தினமும் பார்த்துக்கொள்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆண்ட்ரோஜன் ஏற்பிதான் எல்லாமே என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். செல்லின் மேற்பரப்பில் இன்சுலின், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகள் போன்றவை வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை உள்ளே பிஐ3கே, ஏகேடி என்ற நொதிகளின் வரிசை வழியாக 'சாகாதே, வளர்' என்ற செய்தியை அனுப்புகின்றன. பீட்டென் என்ற புரதம் அந்த வரிசையின் ஆரம்பத்திலேயே, செய்தியைக் கடத்தும் பாஸ்பேட் என்ற வேதிக் குறியைக் கழற்றி அதை அடக்கி வைக்கும். ஹார்மோனுக்கு அடங்காத, பரவிய புராஸ்டேட் கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில் பீட்டென் தொலைந்திருக்கும். என்னை ரொம்ப நாள் கட்டிப்போட்ட விஷயம், இந்தப் பாதையும் ஆண்ட்ரோஜன் பாதையும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருப்பது. 2011-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆண்ட்ரோஜன் ஏற்பி இயங்கும்போது எஃப்கேபிபி5 என்ற புரதம் உண்டாகிறது. அது, ஏகேடி-யிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் ஒரு நொதியைத் தாங்கி நிற்கிறது. நாம் மருந்து கொடுத்து ஆண்ட்ரோஜன் ஏற்பியை நிறுத்தினால் எஃப்கேபிபி5 குறைகிறது, அந்த நொதி நிலைகுலைகிறது, ஏகேடி சுதந்திரமாக எழுகிறது. சரி, பிஐ3கே-யை நிறுத்தலாம் என்றால், மேற்பரப்பில் ஹெர்3 என்ற ஏற்பி கூடி, ஆண்ட்ரோஜன் ஏற்பியை முடுக்கிவிடுகிறது. ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்.

இரண்டையும் ஒன்றாக நிறுத்தலாமே என்று தோன்றும். எலிகளில் அது அழகாக வேலை செய்தது. மனிதரில், பீட்டென் தொலைந்த நோயாளிகளுக்கு அபிராட்டரோனோடு ஏகேடி தடுப்பானும் சேர்த்துக் கொடுத்த சோதனையில், ஸ்கேனில் நோய் வளர்வது சுமார் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை, வயிற்றுப்போக்கும் சர்க்கரை ஏறுவதும் தொல்லை கொடுத்தன. தட்டிலும் எலியிலும் உறுதியாக இருப்பது மனிதரிடம் எவ்வளவு மெலிந்து போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் 'இந்தச் சிக்னலைத் தடுக்கும் மூலிகை', 'அந்தப் பாதையை நிறுத்தும் மஞ்சள்' என்று பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் புற்றுச் செல்லைக் கொல்லாத பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

வேறு சில வழிகளும் இருக்கின்றன. ஸ்டீராய்டுகளுக்கான குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, டிஎன்ஏ-யில் ஆண்ட்ரோஜன் ஏற்பி உட்காரும் இடங்களில் பலவற்றில் தானும் உட்கார்ந்து அதே மரபணுக்களில் சிலவற்றை விழிக்கச் செய்யும் என்று 2013-இல் காட்டினார்கள். எலும்பில் போய்த் தங்கிய செல்கள் எலும்புச் செல்களோடு வளர்ச்சிக் காரணிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்கின்றன. அங்கே புது எலும்பு தாறுமாறாக விளைவதால்தான் ஸ்கேனில் அந்த இடங்கள் அடர்த்தியாகத் தெரிகின்றன. இன்னொன்று, செல் தன் அடையாளத்தையே மாற்றிக்கொள்வது. ஆர்பி1, டிபி53 என்ற இரண்டு காவல் மரபணுக்களும் போன செல்கள், கடுமையான மருந்து அழுத்தத்தில் ஆண்ட்ரோஜன் ஏற்பியையே கைவிட்டு நரம்புச் செல் குணங்களை எடுத்துக்கொள்கின்றன. ஹார்மோனை அடக்குவதே இந்த மாற்றத்துக்கு ஒரு தூண்டுதலாகலாம் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே சான்று வந்திருக்கிறது. ஐஐடி கான்பூரில் புஷ்ரா அத்தீக்கின் குழு 2020-இல், ஆண்ட்ரோஜன் ஏற்பி வழக்கமாக அடக்கி வைத்திருக்கும் ஸ்பிங்க்1 என்ற மரபணு, ஹார்மோன் சிகிச்சையில் அந்த அடக்குமுறை விலகியதும் எழுவதைக் காட்டியது. இந்த அடையாள மாற்றம் நடந்த நோயில் பிஎஸ்ஏ அதிகம் ஏறாது, ஆனால் ஸ்கேனில் நோய் வேகமாகப் பரவும், ஈரலிலும் தெரியும். அப்பாவுக்குப் பிஎஸ்ஏ ஏறுகிறது என்பது கவலைதான், இருந்தாலும் அவருடைய நோய் இன்னும் பழைய ஏற்பியைச் சார்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதற்கும் அதுவே சான்று. ஏற்பி கூடியதா, மாறியதா, குட்டையானதா, கட்டி தானே ஹார்மோன் தயாரிக்கிறதா என்பதைக் கட்டியின் துண்டையோ ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ-யையோ பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஆளின் இரண்டு எலும்புகளில் இரண்டு வேறு காரணங்கள் இருப்பதும் உண்டு.

பாலும் சர்க்கரையும். பால் அதிகம் குடிப்பவர்களுக்குப் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று சில கணக்கெடுப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அது நோய் வருவதைப் பற்றியது. வந்து பரவிய பிறகு பாலை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று காட்டிய சோதனை இல்லை. ஆரம்ப நிலை நோயாளிகளைக் காய்கறி அதிகம் சாப்பிட வைத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை 2020-இல் முடிவு சொன்னது: நோய் முற்றுவதில் வித்தியாசம் இல்லை. வைட்டமின் ஈ மாத்திரை புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்று நம்பி 35,000 பேரிடம் நடத்திய சோதனையில், எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடியே இருந்தது. அதனால் சத்து மாத்திரைகளில் கவனமாக இருங்கள். ஆண் ஹார்மோன் இல்லாத உடம்பில் எலும்பு வேகமாக மெலியும், தசை கரையும், சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கும். இப்போது பாலை நிறுத்திக் கால்சியத்தைக் குறைப்பது அப்பாவுக்கு நல்லதில்லை. பிடிக்காவிட்டால் தயிர், இல்லாவிட்டால் ராகிக் களியோ ராகிக் கஞ்சியோ கொடுங்கள், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்! சர்க்கரையை அளவோடு வைத்துக்கொள்வதும் தினமும் நடப்பதும் அவருடைய இதயத்துக்கும் எலும்புக்கும் நிச்சயம் நல்லது. அதைப் புற்றுக்கு மருந்து என்று நினைத்து, ஒரு லட்டு சாப்பிட்டதற்காக அவரைத் திட்ட வேண்டாம்.

டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பிஆர்சிஏ2 போன்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களுக்கான பரிசோதனை. பரவிய புராஸ்டேட் புற்று இருந்த 692 பேரைப் பார்த்து 2016-இல் வெளியான ஆய்வில், சுமார் 12 சதவீதத்தினருக்குப் பரம்பரையாக வந்த மாற்றம் இருந்தது. அப்பாவுக்கு பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால் ஒலாபரிப் என்ற வேறு வகை மருந்துக்கு வழி திறக்கும். அதோடு, அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்ணாகிய உங்களுக்கு மார்பகம், சினைப்பை சம்பந்தமாகவும் அது முக்கியம், தம்பிக்குப் புராஸ்டேட் சம்பந்தமாக. இதை அப்பாவின் நோய்ச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்ததும் வாராவாரம் பிஎஸ்ஏ பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அபிராட்டரோன் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குப் பிஎஸ்ஏ கொஞ்சம் ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். அதனால் மருந்துச் சோதனைகளிலேயே முதல் 12 வாரங்களுக்குள் வரும் ஏற்றத்தை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவதில்லை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் 12 வாரம் காத்திருக்கக் கூடாது. முதுகில் புதிதாகக் கடுமையான வலி, கால்களில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை அழுத்தினால் அப்படி ஆகும், சில மணி நேரத் தாமதம்கூட நடப்பதற்கும் நடக்க முடியாமல் போவதற்கும் இடையிலான வித்தியாசமாகிவிடும்.